ஒற்றை விளக்கும் ஒரு முகமும்

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கிராமமொன்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நான்கு வருடங்களாகப் படம் எடுத்து வருகிறார். பாவித்த கமரா ஒன்றும், அதனோடு வந்த சிறிய லென்ஸும், பிறகு காசு சேர்த்து வாங்கிய 50 மில்லிமீற்றர் லென்ஸும், பழைய பிளாஷ் ஒன்றும் அவரிடம் உள்ளன. அதிகாலை வயலையும் மாலை வெயிலில் குளக்கட்டையும் அவர் எடுத்த படங்களைக் கண்டவர்கள் இப்போது சாமத்தியவீட்டுக்கும் கல்யாணவீட்டுக்கும் அவரை அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "பிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கிறது, பின்னால் உள்ள பந்தல் கறுத்துப் போகிறது. போடாமல் எடுத்தால் படம் ஆடிப்போகிறது. வவுனியாவில் இரண்டு ஸ்டூடியோ லைட்டுகள் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? அல்லது இயற்கை வெளிச்சத்தோடு நின்றுகொள்வதுதான் எனக்கு நல்லதா?" என்று கேட்டு, அண்மையில் எடுத்த இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

தவணை பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். மாதத் தவணையும் கிழமைத் தவணையும் வன்னியில் எத்தனை வீடுகளின் நித்திரையைக் குலைத்தன என்பதை நாம் இருவரும் கண்டிருக்கிறோம். பழகத் தொடங்கும் ஒருவர் அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பழக வேண்டியதில்லை. தொழில் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. ஒரு விளக்கால் ஒரு முகத்தைக் காட்டத் தெரியாத நிலையில் இரண்டு விளக்குகள் கைக்கு வந்தால், ஒன்று போடும் நிழலை மற்றது அழித்துவிடும். படம் பிழையானது தெரியுமே தவிர எதனால் பிழையானது என்பது தெரியாது. இரண்டாவது விளக்கை எப்போது வாங்குவது என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டி வராது, முதல் விளக்கு போதாத இடம் எதுவென்று உங்களுக்கே விளங்கும் நாள் வரும்.

இயற்கை வெளிச்சத்தோடு நின்றுகொள்ளலாமா என்றால், அதற்கும் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் குளக்கட்டுப் படம் நன்றாக அமைந்ததற்குக் காரணம், வெளிச்சம் சரியாக வந்து விழும்வரை நீங்கள் அங்கே காத்து நின்றதுதான். அந்தப் பொறுமை பெரியது. ஆனால் கல்யாணவீட்டில் முகூர்த்தம் யாருக்காகவும் காத்திராது. வரும் வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்கள் கண், வெளிச்சத்தைத் தானே கொண்டுபோய் வைக்கவும் பழக வேண்டும். இரண்டுக்கும் தேவையான கண் ஒன்றுதான்.

இனி உங்கள் இரண்டு படங்களுக்கு வருகிறேன். இரண்டையும் ஐ.எஸ்.ஓ (கமரா ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்) 8, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/200 விநாடி என்ற அளவில், பிளாஷைக் கமராவின் தலையில் பூட்டி, முழு வலுவில் எரியவிட்டு எடுத்திருக்கிறீர்கள். பிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் உண்மையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் இரண்டு படங்கள் என்பதை மனத்தில் இருத்துங்கள். ஒன்று பிளாஷ் வரைவது. அதன் ஒளி முழு வலுவில்கூட ஏறத்தாழ ஒரு விநாடியின் முந்நூறில் ஒரு பங்குக்குள் எரிந்து முடிந்துவிடுகிறது. வலுவைக் குறைக்கக் குறைக்க அந்த நேரம் இன்னும் சுருங்கி, ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று போகும். ஷட்டர் 1/200 விநாடி திறந்திருந்தாலும் 1/30 விநாடி திறந்திருந்தாலும் பிளாஷ் தரும் ஒளியின் அளவு பெரும்பாலும் மாறாது. மற்றது மண்டபத்தின் ஒளி வரைவது. பந்தலின் மின்குமிழ்களும் குத்துவிளக்கும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒளி தந்துகொண்டே இருக்கும். எனவே லென்ஸின் துவாரமும் ஐ.எஸ்.ஓவும் இரண்டு படங்களையும் ஒருசேர மாற்றும். ஷட்டர் வேகம் பந்தலை மட்டும் மாற்றும். பிளாஷின் வலுவும் அது நிற்கும் தூரமும் முகத்தை மட்டும் மாற்றும். இந்த மூன்றையும் பிரித்துக் காணத் தொடங்கினால் உங்கள் பிரச்சினையின் பாதி தீர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓவை 100 இலிருந்து 800 ஆக்கினால் எட்டு மடங்கு, எஃப் 8 இலிருந்து எஃப் 4க்கு வந்தால் நான்கு மடங்கு, ஷட்டரை 1/200 இலிருந்து 1/50க்கு இறக்கினால் இன்னும் நான்கு மடங்கு. ஆகப் பந்தலின் ஒளி முன்பிருந்ததைவிட 128 மடங்கு அதிகமாகப் பதிவாகும். கறுத்துக் கிடந்த பந்தல் பூவும் தோரணமுமாக எழுந்து வரும். பிளாஷுக்கோ ஷட்டர் கணக்கில் வராததால் எட்டும் நான்கும் பெருக்கி 32 மடங்குதான். ஆகவே முழு வலுவில் எரிந்த பிளாஷை 1/32க்குக் குறைத்தால் முகம் படத்தில் முன்பிருந்த அதே அளவு ஒளியோடு பதிவாகும், இன்னும் குறைத்தால் அந்த வெளுப்பும் தணியும், பற்றரியும் இரவு முழுவதும் தாங்கும், அடுத்தடுத்துப் படம் எடுக்கவும் பிளாஷ் ஆயத்தமாக இருக்கும். 1/50 இல் படம் ஆடிப்போகாதா என்று கேட்பீர்கள். முகத்தின் மேல் விழும் மண்டப ஒளி பிளாஷின் ஒளியைவிட இரண்டு படி (ஒரு படி இறங்கினால் ஒளி பாதியாகும், இரண்டு படி இறங்கினால் கால்பங்கு) குறைவாக இருந்தால், முகத்தை உறைய வைப்பது பிளாஷின் அந்தச் சிறு கணமே. அசைவு பெரிதாகத் தெரியாது.

மற்றப் பக்கத்தில், ஷட்டரை விரும்பியபடி உயர்த்தவும் முடியாது. பெரும்பாலான கமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேலே போனால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாக விலகி நிற்பதில்லை. பிளாஷ் எரியும் கணத்தில் ஒரு திரை படத்தின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும். இதை நான் அறிந்துகொண்ட விதம் இன்றும் எனக்கு வலிக்கும். 2002 ஆம் ஆண்டு, போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்து பற்றரியும் பிலிம் சுருளும் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில், கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாக இருந்த நான் முதன்முதலாகத் தனியாக ஒரு கல்யாணவீட்டுக்குப் போனேன். பிளாஷோடு 1/60க்கு மேலே போகக்கூடாத பழைய கமராவில் 1/250 வைத்திருந்தேன். சில நாட்கள் கழித்துப் பிலிம் கழுவி வந்தபோது, தாலி கட்டும் கணத்தின் நான்கு படங்களிலும் மணமகள் இருந்தார். மணமகன் இருந்த பக்கம் வெறும் கறுப்பாக இருந்தது. அந்தப் பெற்றோரின் முன்னால் நின்ற மாலை எனக்கு மறக்காது. ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் உங்கள் கமராவின் அந்த எல்லையை வெள்ளைச் சுவரொன்றுக்கு எதிரே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே எடுக்க உதவும் அதிவேக முறை சில பிளாஷ்களில் உண்டு. ஆனால் அதில் வலு வெகுவாகக் குறைந்துவிடுவதால் கல்யாணவீட்டுக்கு அது பயன்படுவது குறைவு.

இவையெல்லாம் அளவுகள். உங்கள் படங்களின் பெரிய குறை அளவில் இல்லை. முகம் தட்டையாகவும் களைத்ததாகவும் இருப்பதற்குக் காரணம், வெளிச்சம் உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்தே புறப்பட்டுப் போவதுதான். நிழல் எல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மூக்கு, கன்னம், கண்குழி என்று முகத்துக்கு மேடு பள்ளம் கொடுப்பது நிழல்தான் என்பதால், நிழல் போனதும் முகமும் போய்விடுகிறது. பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைப்பதுதான் நீங்கள் எடுத்து வைக்கக்கூடிய மிகப் பெரிய அடி.

உங்கள் வயதைப் பார்த்தால் வன்னியின் மின்சாரமில்லாத இரவுகள் உங்களுக்குச் சிறுபிள்ளை நினைவாகவே இருக்கும். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறு திரியும் அடியில் கொஞ்சம் எண்ணெயுமாக எரிந்த விளக்கில்தான் நாங்கள் படித்தோம். அந்த ஒற்றைச் சுடரைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் இருப்போம். கிட்ட இருந்தவன் எழுத்தைக் கண்டான், ஒரு முழம் தள்ளி இருந்தவன் கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான். அம்மா அடுப்படியிலிருந்து வரும்போது ஒரு கன்னம் மட்டும் தெரியும். அவர் குனிந்தால் நெற்றி தெரியும். கீழிருந்து வரும் வெளிச்சம் முகத்தைப் பயங்கரமாகக் காட்டும் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் நிலத்தில் வைத்த விளக்கின் ஒளியில் நான் கண்ட முகங்கள் எல்லாம் என் வீட்டார் முகங்கள். அவற்றில் எனக்குப் பயங்கரம் தெரிந்ததில்லை. ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தபோது எனக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சமாவது விளங்கியிருந்ததென்றால், அது அந்தப் போத்தல் விளக்கு கற்றுத் தந்ததுதான். அதனால் நான் உங்களுக்குத் தரும் முதல் பயிற்சியும் அதே வகையானது.

இரவில் ஓர் அறையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள். நீளமான வயரில் ஒரு எல்.ஈ.டி மின்குமிழைப் பூட்டிக்கொள்ளுங்கள். பிளாஷைவிட இதில் பழகுவது நல்லது, ஏனென்றால் வெளிச்சம் நின்று எரிவதால் நிழல் நகர்வதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். மேசையில் ஒரு மண்பானையை வையுங்கள். பானை பேசாது, களைக்காது, தன் முகத்தைப் பற்றிக் கவலைப்படாது. கமராவை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் முன்னால், முன்பக்கவாட்டில், நேர்ப் பக்கத்தில், பின்பக்கவாட்டில், நேர் பின்னால் என்று நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் பானையின் உயரத்தில் ஒன்றும் அதற்கு மேலே இரண்டு முழ உயரத்தில் ஒன்றுமாகப் படம் எடுங்கள். தலைக்கு நேர் மேலும் தரையிலிருந்தும் ஒவ்வொன்று. பன்னிரண்டு படங்கள் வரும். முன்னாலிருந்து எடுத்ததில் பானை ஒரு வட்டமாகத் தெரியும். பக்கத்திலிருந்து எடுத்ததில் அது உருண்டு நிற்கும், குயவரின் விரல் தடங்கள்கூடத் தெரியும். பின்பக்கவாட்டில் வைத்ததில் விளிம்பில் ஒரு கோடு ஓடி, பானையை இருட்டிலிருந்து பிரித்துக் காட்டும்.

பிறகு பானையின் இடத்தில் அம்மாவையோ தம்பியையோ இருத்துங்கள். விளக்கு முகத்தின் ஒரு பக்கமாக, ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகையில், தலைக்குச் சற்று மேலே இருக்கும்போது, மூக்கின் நிழல் மறுகன்னத்தின் நிழலோடு சேர்ந்து, அந்தப் பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோணமாக வெளிச்சம் எஞ்சுவதைக் காண்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்டின் முகச் சித்திரங்களில் இதைக் காணலாம் என்பதால் அவர் பெயராலேயே இந்த முறையைச் சொல்கிறார்கள். விளக்கை இன்னும் உயர்த்தினால் கண்குழிகள் இருண்டுவிடும். கண்மணியில் விளக்கின் சிறு புள்ளி தெரிகிறதா என்று எப்போதும் பாருங்கள். அந்தப் புள்ளி மறைந்தால் பார்வையில் உயிர் குறைந்துவிடும். பாட்டியின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டால் அவரைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஒளி பட்ட கோணத்திலேயே தெறித்துப் போகும். விளக்கை உயர்த்தியோ பக்கத்துக்கு நகர்த்தியோ அந்தத் தெறிப்பு உங்கள் லென்ஸுக்கு வராமல் திருப்பிவிடலாம்.

இரண்டாவது பயிற்சி ஒரு வெள்ளை வேட்டியோடு. விளக்குக்கும் முகத்துக்கும் நடுவில் கொடி கட்டி வேட்டியைத் தொங்கவிடுங்கள். மூக்கின் நிழலிலிருந்த கூர்மையான விளிம்பு கரைந்துவிடும். இப்போது முகத்துக்கு ஒளி தருவது மின்குமிழ் அல்ல, ஒளிர்ந்து நிற்கும் அந்த முழு வேட்டி. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நிழல் அவ்வளவு மென்மையாகும். சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் நிற்பதால் வானத்தில் அதன் அகலம் ஏறத்தாழ அரைப் பாகைதான்; அதனாலேயே பங்குனி வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது. மார்கழி மூடலில் வானம் முழுவதும் விளக்காகிவிடுவதால் நிழலே தெரிவதில்லை. வேட்டியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தும் தள்ளிவைத்தும் எடுத்துப் பாருங்கள். கடையில் விற்கும் குடையும் துணிப்பெட்டியும் செய்யும் வேலை இதுதான். மறுபக்கத்து நிழல் மிகவும் கறுப்பாக இருந்தால், தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வெள்ளை றெஜிபோம் தட்டொன்றை அந்தப் பக்கம் பிடித்தால் போதும். இரண்டாவது லைட்டின் வேலையைப் பல இடங்களில் அதுவே செய்துவிடும்.

தூரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாணவீட்டில் இதுதான் அதிகம் பிழையாகும். சிறு விளக்கொன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி பாதியாவதில்லை, கால்பங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. போத்தல் விளக்கிலிருந்து தள்ளி இருந்த பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். இதைக் கொண்டு பின்னணியை நீங்கள் ஆளலாம். விளக்கு முகத்திலிருந்து ஒரு மீற்றரிலும் சுவர் விளக்கிலிருந்து நான்கு மீற்றரிலும் இருந்தால், சுவருக்குப் பதினாறில் ஒரு பங்கு ஒளிதான் போகும். அழகில்லாத சுவர் இருளுக்குள் மறைந்துவிடும். உறவினர் கூட்டத்தை மணவறையில் நிறுத்தி எடுக்கும்போது இதே விதி உங்களுக்கு எதிராக நிற்கும். விளக்கிலிருந்து முன்வரிசை இரண்டு மீற்றரிலும் பின்வரிசை நான்கு மீற்றரிலும் இருந்தால், முன்னால் இருக்கும் பிள்ளைகளின் முகம் வெளுக்கும், பின்னால் நிற்கும் பெரியப்பாவுக்குக் கால்பங்கு ஒளிதான் கிடைக்கும். விளக்கை ஐந்து மீற்றருக்குப் பின்னே கொண்டுபோய் உயர்த்தி வையுங்கள். இப்போது பின்வரிசை ஏழு மீற்றர். அங்கே முன்வரிசையின் பாதி ஒளி கிடைக்கும், விளக்கின் முகத்தைச் சற்றே பின்வரிசைக்குத் திருப்பினால் அந்த வித்தியாசமும் குறையும். விளக்கு தள்ளிப்போனதால் குறைந்த ஒளியை ஐ.எஸ்.ஓவை உயர்த்தி ஈடுசெய்யுங்கள்.

எங்கள் மண்டபங்களுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. பிளாஷைக் கூரைக்குத் திருப்பி ஒளியைத் தெறிக்கவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். தாழ்ந்த வெள்ளைக் கூரை உள்ள இடத்துக்கு அது நல்ல ஆலோசனை. உயரமான தகரக் கூரையில் அந்த ஒளி திரும்பி வருவதே இல்லை. கிடுகுக் கொட்டிலில் வந்தாலும் மண்ணிறமாக வரும். பச்சை வர்ணம் பூசிய சுவருக்குத் திருப்பினால் மணமகளின் கழுத்தும் பச்சை படியும். அருகில் வெள்ளைச் சுவர் இருந்தால் பிளாஷைப் பக்கவாட்டில் அதற்குத் திருப்புங்கள்; அது ஒரு பெரிய யன்னலாக மாறிவிடும்.

நிறமும் பொருந்த வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். பிளாஷின் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின், நண்பகல் வெயிலுக்குக் கிட்டியது. மஞ்சள் மின்குமிழ் 2700 அளவிலும் குத்துவிளக்குச் சுடர் 1900 அளவிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் முகம் நீலமாகவோ பந்தல் கடும் செம்மஞ்சளாகவோ தெரியும். பிளாஷின் முகத்தில் செம்மஞ்சள் ஒளித்தாளை ஒட்டி, கமராவின் நிறச் சமநிலையை 3200 அளவுக்கு வைத்தால் இரண்டும் ஒன்றுகூடும். அந்தத் தாளின் விலை மிகக் குறைவு. அதன் இடத்தில் மிட்டாய்த் தாளைப் பாவிக்க வேண்டாம், நிறம் ஒத்து வராது. அத்தோடு, எங்கள் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று என்பதால் ரியூப் லைட்டுகளும் மலிவான எல்.ஈ.டி விளக்குகளும் விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. அவற்றின் கீழே 1/500 இல் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வரலாம். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். ஜெனரேற்றரில் ஓடும் மண்டபத்தில் இந்தக் கணக்குச் சற்றுப் பிசகக்கூடும், ஆகவே தொடங்குமுன் ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

பிளாஷின் அளவைக் கமராவே தீர்மானிக்கும் டி.டி.எல் முறையை நடந்து திரியும்போது பாவியுங்கள், மணவறையில் வேண்டாம். அது எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்கிறது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி படச் சட்டத்துக்குள் நிறைந்தால் ஒளியைக் குறைக்கும், கூறைச் சேலையின் கடும் சிவப்பு நிறைந்தால் கூட்டும். படத்துக்குப் படம் முகம் மாறும். விளக்கும் மணமக்களும் ஒரே இடத்தில் இருக்கும்போது, கையால் ஒரு முறை அளவு வைத்துவிட்டால் இரண்டு மணித்தியாலம் அதைத் தொடவே தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைக் கணினியில் வெளுப்பாக்கியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் கேட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டூடியோக்கள் பல அதைக் கேட்காமலே செய்கின்றன. வர்ணப் பிலிம் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரி அட்டையில் நீண்ட காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. கருந்தோலுக்கு அந்த அளவுகள் பொருந்தவில்லை. இன்று உங்கள் கையிலுள்ள கமராவுக்கு அந்தக் குறை பெரிதாக இல்லை, அதைப் பாவிக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. கறுத்த தோல் ஒளியை வாங்கிக்கொண்டு, மேடுகளில் மட்டும் மினுங்கித் திருப்பித் தரும். அந்த மினுக்கமே அதன் அழகு. அதற்கு நேர் முன்னாலிருந்து அதிக ஒளியைக் கொட்டுவதைவிட, பெரிய பரப்புள்ள மென்மையான ஒளியைப் பக்கத்திலிருந்து கொடுங்கள். கன்ன எலும்பும் நெற்றியும் தாமாக எழுந்து வரும். வியர்வை அதிகமானால் மென்தாளால் ஒற்றிவிட்டு எடுங்கள். முகம் படச் சட்டத்தை நிறைக்கும்போது கமராவின் அளவீடு தேவைக்கு மேல் வெளுப்பாக்கும், அரைப்படி குறையுங்கள். அப்படி எடுத்த படத்தை அந்தப் பிள்ளையின் தாயிடம் காட்டிப் பாருங்கள். வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்கும் பலர், நன்றாக ஒளி விழுந்த தங்கள் நிறத்தை ஒருபோதும் படத்தில் கண்டிராதவர்கள்.

2009 இற்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் பலர் கையில் ஒரேயொரு படத்தைக் கொண்டு வந்தார்கள். அல்பம் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. யாரோ உறவினர் வைத்திருந்த கல்யாணவீட்டுப் படமொன்றின் மூலையில் நிற்கும் மகனையோ கணவரையோ வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பிளாஷில் வெளுத்த ஒரு வட்டம்தான் இருக்கும், அல்லது இருட்டுக்குள் பாதிக் கன்னம். எடுத்தவர் ஒரு படி குறைத்து எடுத்திருந்தால், விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தால், அந்த முகம் இருந்திருக்கும். கூட்டப் படத்தின் பின்வரிசையைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் அதுதான்.

பிளாஷ் போடக்கூடாத இடங்களும் உண்டு. வைகாசிப் பொங்கலின்போது முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயிலில், கடல்நீரில் எரிக்கும் உப்புநீர் விளக்கைக் காண வந்து நிற்பவர்களின் முகங்களில் விளக்கொளி விழுந்திருக்கும். அங்கே பிளாஷ் அடிப்பது அவர்கள் வணக்கத்தையும் குலைக்கும், நீங்கள் எடுக்க வந்த ஒளியையும் அழிக்கும். கோயிலில் முதலில் அனுமதி கேளுங்கள். உங்கள் 50 மில்லிமீற்றர் லென்ஸைத் துவாரம் முழுதாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ 3200, ஷட்டர் 1/100 அளவில் தொடங்குங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துக்கும் இப்படியே போங்கள். பிறகு கூத்தரின் சம்மதத்தோடு, ஒத்திகை நாளில், பக்கத்தில் வைத்த ஒரு பிளாஷை 1/32 வலுவில் எரித்து ஆட்டத்தின் ஒரு சுழற்சியை உறைய வைத்துப் பாருங்கள். மின்னணுப் பிளாஷின் குறுகிய கணத்தைக் கொண்டு பறக்கும் துப்பாக்கிக் குண்டையும் சிதறும் பால் துளியையும் படமாக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி என்ற தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஹரல்ட் எட்ஜேர்ட்டன். அவர் 1930களில் தொடங்கிய வேலையின் பயன்தான் உங்கள் பையில் இருக்கும் அந்தச் சிறு பெட்டி.

உபகரணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையால் வலு மாற்றக்கூடிய பிளாஷ் ஒன்று, கம்பியில்லாமல் அதை எரியவைக்கும் ட்ரிகர் ஒரு சோடி, ஒரு தாங்கி, ஒரு வெள்ளைக் குடை, மீள்மின்னேற்றும் பற்றரி எட்டு. இவ்வளவும் காசு சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்கக்கூடியவை. உங்களிடமுள்ள பழைய பிளாஷைக் கமராவில் மீண்டும் பூட்டுமுன், விவரம் தெரிந்த ஒருவரிடம் அதன் தூண்டல் வோல்ற்றளவை (கமராவைத் தொடும் முனையில் நிற்கும் மின்னழுத்தத்தை) அளந்து தரச் சொல்லுங்கள். மிகப் பழைய சிலவற்றில் அது இருநூறையும் தாண்டும், இன்றைய கமராவைக் கெடுத்துவிடும். பிளாஷ் பழுதானால் நீங்களே கழற்றாதீர்கள், அணைத்து வைத்த பின்னும் உள்ளே முந்நூறு வோல்ற் அளவில் மின் தேங்கி நிற்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் குடை விரித்தால் தாங்கி சாயும். தம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது மண் நிரப்பிய பையை அதன் காலில் கட்டுங்கள்.

சாமத்தியவீட்டுக்குக் கேட்டு வந்தவர்களிடம் இப்போதே மறுக்க வேண்டாம். இதுவரை நீங்கள் செய்யாத வேலைக்கு வாக்குக் கொடுக்காமல், பகலில் நடக்கும் பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டு, இரவுப் பகுதிக்கு அனுபவமுள்ள ஒருவரோடு உதவியாளராக நில்லுங்கள். அவர் விளக்கை எங்கே வைக்கிறார் என்று பார்த்துக் கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்துப் பானையின் பன்னிரண்டு படங்களையும் அம்மாவின் படம் ஒன்றையும் எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் விளக்கு எந்தப் பக்கம், எத்தனை முழத் தூரத்தில், எவ்வளவு உயரத்தில் நின்றது என்று எழுதுங்கள். அம்மாவின் படத்துக்கு மட்டும் எழுத வேண்டாம்; அவருடைய கண்ணில் தெரியும் புள்ளியையும் மூக்கின் நிழலையும் பார்த்து, விளக்கு எங்கே நின்றது என்பதை நான் எழுதி அனுப்புகிறேன், சரியா என்று நீங்கள் பாருங்கள்.